சவானாவில் ஒரே ஒரு பேய் வீட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்

பேய்க்கதைக்குப் பேர்போன அமெரிக்க ஊர்களில் ஜார்ஜியா மாநிலத்து சவானாவுக்குத் தனி இடம் உண்டு. 1733-இல் ஓகில்தோர்ப் என்ற ஆங்கிலேயத் தளபதி உருவாக்கிய ஊர். சதுக்கம் சதுக்கமாக வகுத்த 24-இல் 22 இன்னும் மரநிழலோடு மிச்சம் இருக்கின்றன. மார்ச் கடைசியில் நாங்கள் போனபோது கையில் ஒன்றரை நாள்தான். பதினொரு வயது மகளுக்குப் பேய் என்றால் உயிர். மூன்று இடங்களை வைத்து இரண்டு நாள் குழம்பினோம்: சாரெல்-வீட் வீடு, போனவென்ச்சர் கல்லறைத் தோட்டம், ஓவன்ஸ்-தாமஸ் வீடு. டிக்கெட் எடுத்தது கடைசி வீட்டுக்கு. இன்னொரு தடவை போனாலும் அதற்குத்தான் எடுப்பேன்.

போனவென்ச்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில், ஓக் மரங்களில் பாசி சடைசடையாகத் தொங்கும் இடம். அனுமதி இலவசம், ஆனால் கார் வேண்டும், மாலையில் மூடிவிடுவார்கள். 1889-இல் ஆறு வயதில் நிமோனியாவில் இறந்த கிரேஸி வாட்சனின் பளிங்குச் சிலை அங்கே இருக்கிறது. ஜான் வால்ஸ் என்ற சிற்பி புகைப்படத்தைப் பார்த்தே செதுக்கியது. கம்பி வேலிக்கு வெளியே யாரோ வைத்துவிட்டுப் போன பொம்மைகள் கிடந்தன. மகள் தன் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அரை மணி நேரம் ஒதுக்கினாலே மனசு நிறையும்.

உண்மையான போட்டி இரண்டு வீடுகளுக்கு இடையில்தான். இரண்டும் அழகு, இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: இங்கே சொல்லப்படும் ஆள் உண்மையில் வாழ்ந்தவரா?

சாரெல்-வீட் வீடு மேடிசன் சதுக்கத்தில், 1840 வாக்கில் கட்டியது. வீட்டுக்காரர் பிரான்சிஸ் சாரெல் பெரிய வியாபாரி. கதை இதுதான்: அவருக்கும் மாலி என்ற அடிமைப் பெண்ணுக்கும் தொடர்பு, மனைவி மெடில்டா அதை அறிந்து மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார், பிறகு வண்டிக்கொட்டகை மாடியில் மாலி தூக்கில் தொங்கினாள். முதல் நாள் இரவு ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டோம். வழிகாட்டி அந்தச் சுவரோரம் நின்று தூக்குக் கயிற்றைக் கையால் காட்டியபோது கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அறைக்கு வந்து தேடிப் படித்தேன். மெடில்டா 1860-இல் மாடியிலிருந்து விழுந்து இறந்தது நிஜம். ஆனால் அதற்கு முன்பே குடும்பம் அந்த வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு மாறியிருந்தது. அவர் விழுந்தது அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றே சொல்கிறது. மாலி? வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் ஆவணங்களில் தேடியும் அப்படி ஒரு பெண் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த வீட்டில் நிஜமாகவே அடிமைகளாக உழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தியைத் தூக்கில் போட்டு, அதை இரவுக்கு இரவு விற்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த வீட்டுக்குள் நான் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே அறைகள் எப்படி, பகல் சுற்றில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது போனவர்கள் சொல்ல வேண்டியது. கட்டடக் கலைக்காகப் போவது வேறு விஷயம்.

ஓவன்ஸ்-தாமஸ் வீடு 1819-இல் முடிந்தது. வில்லியம் ஜே என்ற ஆங்கிலேய இளைஞர் வடிவமைத்தது. மாடியில் படிக்கட்டுக்கு மேலே ஒரு குட்டிப் பாலம், அந்தக் காலத்திலேயே வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 1825-இல் நின்று பேசிய பக்கவாட்டு பால்கனி எல்லாம் உண்டு. பேய் வீட்டுப் பட்டியல்களில் இதுவும் வரும். ஆனால் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டச் சொன்ன ரிச்சர்ட்சன் வங்கிக்காரர் மட்டுமல்ல, அடிமை வியாபாரத்திலும் பணம் பார்த்தவர் என்று தொடங்கினார். 1830-இல் வீட்டை 10,000 டாலருக்கு வாங்கிய ஜார்ஜ் ஓவன்ஸ் இந்த ஊர் மேயராக இருந்தவர். அவருடைய தோட்டங்களில் ஏறக்குறைய 400 பேர் அடிமைகள்.

சுற்று ஆரம்பிப்பதே முன்வாசலில் இல்லை, தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்கொட்டகையில். அதை ஒட்டியே அடிமைகள் இருந்த இரண்டடுக்குக் குடியிருப்பு. அண்ணாந்து பார்க்கச் சொன்னார். விட்டமும் பலகையும் வெளிறிப்போன நீலம், அங்கங்கே உரிந்து மரம் தெரிந்தது. சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கலப்போமே, அது பழசானால் எப்படி இருக்கும், அதே நிறம். அவுரி நீலம், சுண்ணாம்பு, மோர் கலந்த பூச்சாம். 'ஹெயின்ட் ப்ளூ', அதாவது பேய் நீலம் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களிடம் இருக்கும் நம்பிக்கை: ஆவியால் தண்ணீரைத் தாண்ட முடியாது, நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்து நின்றுவிடும். பேய் வராமல் இருக்க அங்கே குடியிருந்தவர்களே பூசியது. பின்னால் வந்தவர்கள் அதை மறைத்திருக்க, 1990-களில் புதுப்பித்தபோது வெளியே வந்தது.

"அப்போ பேய்க்குப் பயந்தது இவங்கதானாம்மா?" என்று மகள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பெரிய வீட்டின் கண்ணாடி, திரைச்சீலை எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எஜமானி கூப்பிட்டால் இந்த அறைக்கு எப்படிக் கேட்கும், ராத்திரி எத்தனை பேர் இங்கே படுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

போகிறவர்களுக்கு: அதே டிக்கெட்டில் டெல்ஃபேர் அகாதமி, ஜெப்சன் மையம் என்ற இரண்டு கலை அருங்காட்சியகங்களும் பார்க்கலாம், அதனால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு போனால் நின்றுகொண்டே கேட்க வேண்டியது நிறைய, கால் வலிக்கும். திடுக்கிட வைக்கும் பேய்தான் வேண்டுமென்றால் இந்த வீடு ஏமாற்றும். இருட்டில் நடக்கும் சுற்றுலாக்களே அதற்குச் சரி. வெளியே வந்ததும் எதிரே ஓகில்தோர்ப் சதுக்கத்துப் பெஞ்சில் உட்காருங்கள். லஃபாயெட் பேசிய பால்கனி வீட்டின் தெற்குப் பக்கம் இருக்கிறது, கிளம்புவதற்கு முன் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.