கடலூரிலிருந்து புலிக்காடு: முதுமலையா, முண்டந்துறையா?

புலியைப் பார்த்தே ஆகணும் என்று கிளம்பினால் இரண்டு காடுமே ஏமாற்றலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதுமலையில் வனத்துறை வண்டியில் சஃபாரி போகலாம். புள்ளிமான், காட்டெருமை, யானை கண்ணில் படும். ஆனால் எனக்கு அதைவிடத் தெப்பக்காடு முகாம்தான் பிடிக்கும். ராகிக் களியையும் கொள்ளையும் வெல்லம் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, பாகன் யானையின் வாய்க்குள்ளேயே கையை விட்டு வைப்பதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பைக்காரா அருவியும் ஊட்டியும் கூடவே கிடைக்கும். தொல்லை, பாதைதான். சேலம், கோவை, மேட்டுப்பாளையம் என்று நீண்டுகொண்டே போகும், சொந்த வண்டி என்றால் நீலகிரிக்கு இ-பாஸ் வேறு எடுக்கணும், அப்புறம் ஊட்டி - மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்களை யோசித்துக் கூட்டிப்போங்கள்.

களக்காடு முண்டந்துறை வேறு ரகம். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். விழுப்புரத்தில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி, அங்கிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்குப் பஸ். விலங்கு அதிகம் தென்படாது. ஆனால் தண்ணீர்! அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு, காரையாறு அணை, நடுவில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசை சமயம் மட்டும் வேண்டாம், நெரிசல் தாங்காது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதுமலை, குளிக்க ஆசைப்படும் கூட்டமென்றால் பாபநாசம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் மணிமுத்தாறு அருவியில் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.