சாட்டா–ஐடிஇ மாற்றிப் பலகை: பழைய எக்ஸ்பி கணினிக்கு வாங்கலாமா?

பென்டியம் 4 காலத்து மதர்போர்டில் ஐடிஇ (அகலப் பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், இன்னொரு பழைய டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டாம். ஜேமைக்ரான் ஜேஎம்20330 சிப் வைத்த மாற்றிப் பலகை ஒன்று போதும், சாட்டா (அதற்குப் பின் வந்த, மெல்லிய கேபிள் வகை) டிஸ்க்கை 40 பின் ஐடிஇ சாக்கெட்டிலேயே மாட்டிவிடலாம். மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் சாட்டா கார்டைவிட இதையே பரிந்துரைப்பேன். கார்டு போட்டால், எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கே தெரியாது. இந்தப் பலகையை எக்ஸ்பி சாதாரண ஐடிஇ டிஸ்க்காகவே பார்க்கிறது, டிரைவர் கேட்பதில்லை.

வாங்கும்போது திசையைப் பார்த்து வாங்குங்கள். ஐடிஇ டிஸ்க்கை சாட்டா மதர்போர்டில் மாட்டுவதற்கான பலகையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். இரு திசைக்கும் பொதுவான பலகை என்றால் அதிலுள்ள ஜம்பரை (இரு பின்களை இணைக்கும் சிறு மூடி) சரியான பக்கம் மாற்ற வேண்டும்.

டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறது, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) மட்டும் பெயர் வரவில்லை என்றால் முதலில் பலகைக்கு மின்சாரம் போகிறதா பாருங்கள். டிஸ்க்குக்கு ஒரு இணைப்பு, பலகைக்குத் தனியாக ஃபிளாப்பி வகை 4 பின் இணைப்பு. பலரும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அடுத்து, ஒரே கேபிளில் உள்ள இரு டிரைவ்களில் எது முதல், எது இரண்டாவது என்று குறிக்கும் மாஸ்டர்–ஸ்லேவ் ஜம்பர். அதே கேபிளில் சிடி டிரைவும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே காணாமல் போகலாம். கேபிள் 80 கம்பி உள்ளதாக இருக்கட்டும்: நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, சாம்பல் ஸ்லேவுக்கு. 40 கம்பி கேபிளில் வேகம் விநாடிக்கு 33 எம்பியைத் தாண்டாது. கூட வரும் மோலெக்ஸ்–சாட்டா பவர் கேபிள் வார்ப்பு வகை என்றால் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பலகையால் தீராத சிக்கல்களும் உண்டு. சர்வீஸ் பேக் 1 (மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுப்பு) இல்லாத எக்ஸ்பி 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. டிஸ்க்கில் இடத்தைக் குறிக்கும் 28 பிட் முகவரி அங்கே முடிந்துவிடுகிறது. பெரிய பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கை அதில் மாட்டி எழுதினால், எல்லையைத் தாண்டிய தரவு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து இருப்பதையும் அழிக்கும். குறைந்தது சர்வீஸ் பேக் 1 சேர்ந்த சிடியால் நிறுவுங்கள். மதர்போர்டு பயாஸும் 48 பிட் முகவரியை அறிந்திருக்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் இருக்கிறது, மை கம்ப்யூட்டரில் இல்லையா? ரன்னில் டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி (diskmgmt.msc) திறந்து பாருங்கள். ‘ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்’ என்று காட்டினால், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்கிறது; 32 பிட் எக்ஸ்பியால் அதைப் படிக்க முடியாது, எம்பிஆர் என்ற பழைய முறைக்கு மாற்ற வேண்டும். புதிய கணினியில் டிஸ்க்பார்ட் (diskpart) என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்து, ‘கிளீன்’, பிறகு ‘கன்வெர்ட் எம்பிஆர்’ கொடுக்க வேண்டும். உள்ளிருப்பது எல்லாம் போய்விடும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் பயன்படாது என்பதால் 500 ஜிபி டிஸ்க்கே தாராளம்.

டிஸ்க் தெரிந்த பிறகும் கணினி ஊர்ந்தால், டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பாருங்கள்; ‘பிஐஓ’ என்ற மெதுவான முறை இருக்கலாம். பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகமான டிஎம்ஏ முறையை விட்டு அதற்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றி, அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

மதர்போர்டிலேயே சாட்டா சாக்கெட் இருந்தும் டிஸ்க் தெரியவில்லை என்பவர்கள் உடனே இதை வாங்க வேண்டாம். வியா விடி8237 சிப்செட் 3 ஜிகாபிட் டிஸ்க்குகளோடு ஒத்துப்போகாது. டிஸ்க்கின் பின்புற ஜம்பரை 1.5 ஜிகாபிட்டுக்கு மாற்றினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஜம்பர் இல்லாத டிஸ்க் என்றால் இந்தப் பலகையை வாங்குங்கள்.