கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி: பல கோடைகளின் அனுபவம்

ஏசி வாங்க நினைக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மாதம் எத்தனை யூனிட் இழுக்கும்?" என்பதுதான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஐந்து நட்சத்திர ஏசியைப் பல கோடைகள் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதை ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைவிட வெயில்தான் முடிவு செய்கிறது.

ஆடிச் சாரலில் அதற்கு வேலையே இல்லை. மாசி பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கத்திக் காற்று வறண்டு அடிக்கும்போது கதையே வேறு. எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். தை மாத இரவில் அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அந்த மின்னல் நிதானப்பட்டுவிடும். சித்திரையில் நள்ளிரவு தாண்டியும் படபடவென்று துடிக்கும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. வெளிக்காற்றும் சூடாக இருப்பதால் வெப்பத்தை வெளியே தள்ள கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்த பிறகுதான் துடிப்பு சீக்கிரம் தணிந்தது. அந்தச் செலவு முழுக்கத் தகும்.

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. மே தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டுக்கு மேல் போயிற்று. பிரான்சில் இதற்கு நேர்மாறு: வீடுகளில் மின்சார ஹீட்டர் அதிகம் என்பதால், குளிர்காலத்தில் ஒரு டிகிரி குறைந்தாலே தேவை ஏறக்குறைய 2,400 மெகாவாட் கூடிவிடுகிறது. ஒரே ஒரு டிகிரிக்கு, நம் மாநில உச்சத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு!

எங்கள் கேரள மின் பில்லில் கவனிக்க வேண்டியது ஒரே கோடு: மாதம் 250 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 500. அதைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விகிதம். பங்குனி, சித்திரை இரண்டும் ஒரே பில்லில் விழுந்தால் அந்தக் கோட்டுக்குள் நிற்பது பெரும்பாடு.

2020 முதல் இந்தியாவில் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன; பிறகு நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நாங்கள் 27-இல் வைத்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறியையும் சுழலவிடுகிறோம். குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வெளி யூனிட்டின் தகடுகளில் காற்றுக்காலப் புழுதி அப்பிக்கொள்ளும். பங்குனிக்கு முன் கழுவிவிடுங்கள். பொருத்த வருபவர் மேற்குச் சுவரைக் காட்டினால் சம்மதிக்காதீர்கள். குழாய்க்குக் கூடுதல் காசு போனாலும் வடக்குச் சுவரிலேயே மாட்டச் சொல்லுங்கள்.