காப்பகமா, ரொக்கமா?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. சரி, அது முடிந்த மறுநாள் பிள்ளையை எங்கே விடுவது? கட்டடத்துக்குள்ளேயே காப்பகமா, கம்பெனி மாதாமாதம் கையில் தரும் ஒரு தொகையா?

காப்பகம் கீழ்த்தளத்தில் இருந்தால் தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். சட்டமே இடம் தருகிறது. பால் குடிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. ஆனால் பிள்ளையும் அலுவலகம் வந்தாக வேண்டுமே! சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நான் வேலை பார்த்த இடத்தில் வண்ணச் சுவரும் குட்டித் தொட்டில்களுமாகப் பளபளவென்று காப்பகம் இருந்தது. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், மடியில் சிணுங்கும் எட்டு மாதக் குழந்தை, பையில் இரண்டு பால் புட்டி. இப்படி வந்த தோழி மூன்றாவது வாரமே பிள்ளையைக் கூட்டிவருவதை நிறுத்திவிட்டாள்.

ரொக்கம் என்றால் வீட்டுப் பக்கத்திலேயே விடலாம். அப்பாக்களுக்கும் உதவும். ஆனால் வரி பிடிப்பார்கள். மிச்சம் வீட்டுக்கடன் தவணையில் கரையும். கம்பெனி பில் கேட்டாலோ, பக்கத்துத் தெரு ஆயா பில்லுக்கு எங்கே போவார்?

என் ஓட்டு ரொக்கத்துக்கு. காப்பகத்தை மூடாமல், அலுவலகத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் விட்டால் போதும்.