பிக்கப்புக்கு 17 இஞ்ச் ரிம்: ஒரு செட் டயர் தேயும்வரை ஓட்டிய அனுபவம்

புதிதாக பிக்கப் எடுத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "வண்டியோட 18 இஞ்ச் வீல் வந்திருக்கு. 17க்கு இறங்கவா, 20க்கு ஏறவா? நீங்க மாத்தி ரொம்ப நாள் ஆச்சே, எப்படி இருக்கு?" அவர் கேட்ட சமயத்தில்தான் என் வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை மறுபடியும் மாற்றியிருந்தேன். அந்தக் கடுப்பு இதில் தெரியும். ஆனாலும் நல்லதை நல்லது என்றே சொல்லிவிடுகிறேன்.

என் வண்டியில் வந்தது 18 இஞ்ச், 7.5 இஞ்ச் அகல ரிம், ஆஃப்செட் 30 (இது என்ன என்று கீழே சொல்கிறேன்), டயர் 265/60 ஆர் 18. இப்போது இருப்பது 17 இஞ்ச், 8 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 10, டயர் 265/70 ஆர் 17, ஆல் டெரெயின், அதாவது ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான வகை. முதல் செட் தேய்ந்து முடியும் நிலையில் இருக்கிறது. 265/60 ஆர் 18 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம் 18 இஞ்ச்.

முதலில் பாராட்டு. டயரின் பக்கச்சுவர் 159 மி.மீ.யிலிருந்து 185 மி.மீ.க்கு மேல் வந்துவிட்டது. இந்த 26 மி.மீ. செய்யும் வேலையை ஓட்டினால்தான் நம்புவீர்கள். பிக்கப் என்றாலே பின்னால் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங், சுமைக்காகப் பட்டை பட்டையாக அடுக்கிய விறைப்பான ஸ்பிரிங். காலி வண்டியில் சின்னப் பள்ளம் கூட முதுகுக்கு வந்துவிடும். ரோட்டின் ஒட்டுவேலைகள், பாலத்தின் இணைப்புகள், உடைந்த தார் விளிம்பு, இவற்றின் கூர்மையை இப்போது டயரே பாதி விழுங்கிவிடுகிறது. மண் பாதையில் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் தரையில் படிந்து, இரண்டு வீல் டிரைவிலேயே பல இடங்களைத் தாண்டிவிடுகிறது. பழைய 18 இஞ்சில் அந்த அளவுக்கு இறக்க மனசு வராது. ஒரு கல்லில் ஏறினால் ரிம் விளிம்பு தட்டிவிடுமோ என்றே கவனம் போகும். 20 இஞ்சுக்கு ஏறுகிறேன் என்பவர்களுக்கு: 265/50 ஆர் 20 போட்டால் வெளிவிட்டம் ஏறக்குறைய 18 இஞ்சில் இருந்த அதே அளவுதான், பக்கச்சுவர் மட்டும் 132 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. சுமை ஏற்றி, பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டிக்கு அதை நான் போட மாட்டேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஸ்பீடோமீட்டர். வெளிவிட்டம் 775 மி.மீ.யிலிருந்து 803 மி.மீ. ஆகிவிட்டது, கிட்டத்தட்ட 3.6 சதவீதம் அதிகம். இது தப்பாகக் காட்டும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நடந்தது வேறு. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதியின்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் பெரும்பாலான வண்டிகள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். என் வண்டியில் முன்பு முள் 100ல் நிற்கும்போது ஜி.பி.எஸ். 96 சொல்லும். இப்போது 99 சொல்கிறது. வண்டி இப்போதுதான் உண்மை பேசுகிறது! ஆனால் ஒன்று கவனியுங்கள்: உங்கள் வண்டியில் அந்த இடைவெளி சின்னதாக இருந்தால் உண்மை வேகம் முள்ளைத் தாண்டிவிடும். டயரை வாங்கும் முன் ஜி.பி.எஸ். வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓடோமீட்டர் விஷயம் தலைகீழ். அது பொதுவாகச் சரியாகவே இருக்கும், இப்போது குறைவாக எண்ணுகிறது. 1,000 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 1,036 கி.மீ. ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டு மைலேஜ் போச்சு என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிப் புலம்பல் அங்கேயே அடங்கிவிடும். மீதிப் பாதி உண்மைதான். டயர் கனம், உருள் எதிர்ப்பு அதிகம், கியர் விகிதமும் 3.6 சதவீதம் உயர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. லோடோடு மேடேறும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கியர் இறங்குவதா வேண்டாமா என்று தடுமாறுவது தெரிகிறது. அந்த இடங்களில் நானே மேனுவலில் ஒரு கியர் கீழே வைத்துவிடுகிறேன்.

சரி, இப்போது ஆஃப்செட்.

ரிம்மின் அகலத்தில் நடுக்கோடு ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்கும் ரிம் ஹப்பில் (வண்டிப் பக்கம் சக்கரத்தை மாட்டும் பாகம்) போய் உட்காரும் முகத்துக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்பதுதான் ஆஃப்செட். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். எனக்குப் பிடித்த டிசைன் ஆஃப்செட் 10ல் மட்டும்தான் கிடைத்தது. கணக்குப் போட்டேன்: ரிம்மின் வெளி விளிம்பு பழையதைவிட 26 மி.மீ. வெளியே வரும், உள்பக்கம் 13 மி.மீ.க்கு மேல் இடம் கூடும். காகிதத்தில் நல்ல கணக்கு. சஸ்பென்ஷன் கை பக்கம் டயர் உரசாது, வண்டியும் அகன்று நிற்கும். கேட்டலாக்கிலும் என் வண்டிப் பெயருக்கு நேராக "பொருந்தும்" என்று அச்சடித்திருந்தார்கள்.

என் கோபமெல்லாம் அந்தப் "பொருந்தும்" மேல்தான். ஆறு நட்டும் ஏறிவிட்டால் பொருந்திவிட்டதாக அர்த்தமா? சக்கரம் நேராக நிற்கும்போது எல்லாமே பொருந்தும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் தன் இடத்திலேயே நின்று திரும்புவதில்லை; ஒரு மையத்தைச் சுற்றி வீசுகிறது. சக்கரம் எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு பெரிய வளைவு. டயரின் பின் விளிம்பு கதவு பக்கமாக வந்து லைனரையும், அதற்குப் பின்னால் கேபின் சேஸிஸில் உட்காரும் மவுண்ட் பகுதியையும் தொடும். என் வண்டியில் ரிவர்ஸ் எடுத்து, முழுசாக ஒடித்து, கொஞ்சம் பிரேக்கும் பிடித்தால் போதும், "கர்ர்ர்" என்று ஒரு இழுப்பு. கழற்றிய லைனரைப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பிறை வடிவத்துக்கு ஒரு தேய்மானம், தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவில் கிழிசல், இரண்டு கிளிப் காணவே இல்லை. டயர் பெரிதானதால் மட்டும் வந்ததில்லை இது. இதே 265/70ஐ ஆஃப்செட் 30 ரிம்மில் போட்ட, என் வண்டி மாடலேயான இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மட்ஃபிளாப்பை லேசாகத் தடவியதோடு சரி.

வீல் அலைன்மென்டில் கேஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கூட்டி, சஸ்பென்ஷனின் கீழ்க் கையை முன்னால் தள்ளி சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம். நகர்த்தினோம். பின்னால் இடம் கிடைத்தது, முன் பம்பர் பக்கம் அதே அளவு குறைந்தது. லைனரை சூடுகாட்டி உள்ளே அழுத்தியும் பார்த்தாயிற்று. உரசல் பாதியாகக் குறைந்திருக்கிறது, போகவில்லை.

உரசலோடு முடிந்தால் பரவாயில்லை. டயரின் நடுக்கோடு 20 மி.மீ. வெளியே போனதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையை வெடுக்கென்று இழுக்கிறது. வீல் பேரிங்குக்கும் வெளிப்பக்க நெம்புதல் அதிகம். அப்புறம் சேறு. டயர் ஃபெண்டர் ஓரத்தைத் தாண்டி நிற்பதால் மழையில் கதவு முழுக்க, கண்ணாடி வரை சேறு அடிக்கிறது. வண்டி அகன்று நிற்பதை ரசிக்கிறவர்கள் மழைக்கால முடிவில் அந்த பெயின்ட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கீழ்க்கதவு முழுக்கப் பொடிப்பொடியாகக் கல் பட்ட குத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.சி.டி. (நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. டொயோட்டா ஹைலக்ஸும் ஃபோர்டு ரேஞ்சரும் இரண்டுமே 6 நட்டு, 139.7 மி.மீ. தான். ஆனால் நடு ஓட்டை ஹைலக்ஸில் 106.1, ரேஞ்சரில் 93.1. சின்ன ஓட்டை ரிம் பெரிய ஹப்பில் ஏறாது. பெரிய ஓட்டை ரிம் சின்ன ஹப்பில் ஏறினாலும் சரியான வளையம் போடாவிட்டால் நடுவில் உட்காராமல் நடுக்கம் வரலாம். நட்டும் அப்படித்தான். சில ரிம்முக்குத் தட்டை வாஷர் நட், சிலதுக்குக் கூம்பு நட். பழைய நட்டையே புது ரிம்மில் முடுக்க விடாதீர்கள். மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.க்குள் டார்க் ரெஞ்சால் (நட்டு முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். 16 இஞ்சுக்கு இறங்க நினைத்தால் முன் பிரேக் கேலிப்பர் இடிக்காதா என்று முதலில் பாருங்கள்.

டயரில் அளவுக்கு அடுத்து எழுதியிருக்கும் சுமை எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 115 என்றால் 1,215 கிலோ. கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. இதே அளவில் எல்.டி. (லைட் டிரக், கனமான சுமைக்கானது) வகையும் உண்டு, 121 எண், 1,450 கிலோ தாங்கும். தினமும் முழு லோடு ஏற்றுபவருக்கு அதுதான் சரி. ஆனால் அதே சுமைக்கு அதற்குக் கூடுதல் காற்று வேண்டும், காலியாக ஓட்டினால் கட்டை மாதிரி குதிக்கும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டை வண்டியோடு வந்த டயருக்கானது, எல்.டி.க்கு அதே எண்ணை வைத்து முழு லோடு ஏற்றினால் டயர் சூடாகிக் கெட்டுப்போகும். நான் வாங்கியது 115, சாதாரண வகை. என் உபயோகத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயராக வாங்குங்கள். நான்கு மட்டும் மாற்றிவிட்டு பழைய 775 மி.மீ. டயரைக் கீழே தொங்கவிட்டால், பஞ்சர் ஆன அன்றைக்கு ஒரு சக்கரம் 28 மி.மீ. சின்னதாக ஓடும். அந்த நிலையில் கெட்டியான ரோட்டில் 4 வீல் டிரைவ் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், முன்னும் பின்னும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. பெரிய டயர் ஸ்டெப்னி இடத்தில் நுழைகிறதா என்பதையும் வாங்கும் முன்பே ஏற்றிப் பாருங்கள். என் வண்டியில் மயிரிழையில் நுழைந்தது.

நண்பருக்கு என் பதில்: ரிம்மை மாற்ற வேண்டாம். 265/60 ஆர் 18 ஆல் டெரெயின் ஒரு செட் போட்டு ஓட்டுங்கள். மேலே பக்கச்சுவரை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். புகழ்ந்தது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தச் சுகம் ரோடு மோசமாக இருக்கும்போது தெரிகிறது. உரசல் ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தி எடுக்கும்போதும் கேட்கிறது. இன்றைக்கு எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. 17தான் வேண்டும் என்று நின்றால், 7.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 30, அதில் 265/65 ஆர் 17 போடுங்கள். விட்டம் 776 மி.மீ., உங்கள் 18 இஞ்சுக்குச் சமம். பக்கச்சுவர் 172 மி.மீ. கிடைக்கும், எதுவும் எதையும் தொடாது. எனக்கு அடுத்த செட் அதுதான். ரிம் தேட ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை டிசைன் பார்ப்பதற்கு முன் ஆஃப்செட் எண்ணைத்தான் கேட்கிறேன்.