மண்டபம் சாலையோர மீன் கடை: பலகையில் இல்லாத குழம்பு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில், மண்டபத்துக்குச் சற்று முன்பாகக் கீற்று வேய்ந்த மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. சமைப்பவர் இருபது வயதைத் தாண்டாத இளைஞர் என்பதாலும், குறையும் சொல்ல வேண்டியிருப்பதாலும் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பதினேழு வயதில் அவர் கல்லில் நண்டு புரட்டிய காட்சியை வழிப்போக்கர் ஒருவர் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட, அதைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை தாயாருக்குத் துணையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் ஒரே வாரத்தில் ‘நண்டுத் தம்பி’ ஆகிவிட்டார். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு அதைக் காண வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை.

அந்த நண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் கிடைக்கும் நீலக்கால் நண்டின் சதையில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. அளவாக மிளகும் பூண்டும் சேர்த்தாலே போதும். இங்கே இலைக்கு வருவதோ, சோளமாவில் கெட்டியாகி நிறப்பொடியில் சிவந்த மசாலாவுக்குள் மூழ்கிய நண்டு. கல்லிலிருந்து தீ எழும்பும்படி எண்ணெய் ஊற்றுகிறார். அது படத்தில் எடுப்பாக இருக்கிறது, நாக்கிலோ கருகல் கசப்பாக நிற்கிறது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் காணொளியைத் தேடிப் பார்த்தேன். அதில் நிறப்பொடியும் இல்லை, தீயும் இல்லை. கறிவேப்பிலையை உருவிப் போட்டுவிட்டு, வெந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும் ஒரு பையன் மட்டுமே இருக்கிறான். மற்றவையெல்லாம் பார்க்க வந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்தவை.

கடலும் தினமும் ஒரே சரக்கைக் கொடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம்; மற்ற மாதங்களிலும் காற்றைப் பொறுத்து வரத்து மாறும். வளரும்போது தன் பழைய ஓட்டைக் கழற்றிய நண்டில் சில நாட்களுக்குச் சதை நீர்த்துக் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் ‘இன்றைக்கு நண்டு சரியில்லை, வேறு சாப்பிடுங்கள்’ என்று சொல்வதுதான் கரையோரச் சமையல்காரருக்கு அழகு. ஆனால் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் நண்டுக்காகவே காரில் வந்து இறங்குபவர்களிடம் அதைச் சொல்லும் துணிவு இந்த வயதில் அவருக்கு எங்கிருந்து வரும்? எனக்குப் பரிமாறிய நண்டின் கால்களில் பாதி வெறும் கூடாக இருந்தன.

அதே கைதான், கூட்டம் கலைந்த ஒரு பிற்பகலில், வீட்டார் சாப்பிட வைத்திருந்த விளமீன் குழம்பையும் எனக்கு ஊற்றியது. மண்சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மாவட்டத்துக் குண்டு மிளகாயை அம்மியில் அரைத்திருந்ததால், சிவந்த தோல் துணுக்குகள் குழம்பில் மிதந்தன. நடுமுள்ளை ஒட்டிய சதை வரைக்கும் புளி ஏறியிருந்தும் மீன் சற்றும் உடையவில்லை. இரண்டாவது சட்டியை அவர் மூடியைத் திறக்காமல், கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே இறக்கினார். அந்தப் பக்குவத்தைப் படத்துக்காக யாரும் அவருக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது. இதைப் பலகையில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “இதக் கேட்டு யாருண்ணே வர்றாக? வீட்டுக் கொழம்புதானேன்னு போயிருவாக” என்றார். பக்கத்தில் இலை துடைத்துக்கொண்டிருந்த தாயார், “இவனுக்கு என்ன வரும்னு இவனுக்கே தெரியுமுன்ன ஊருக்குத் தெரிஞ்சு போச்சுங்கய்யா” என்றார்.

அந்தத் தாயாரின் பேச்சை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எந்தத் தொழிலிலும் யாரும் கவனிக்காத சில ஆண்டுகள் தேவைப்படுகின்றன. உப்புக் கூடிய குழம்பை அண்ணன் தம்பி முணுமுணுத்துக்கொண்டே தின்று தீர்க்கும் அந்த ஆண்டுகளில்தான் ஒருவருக்குத் தம் கை எதற்கு வாகானது என்று பிடிபடுகிறது. அந்த ஆண்டுகளை இவரிடமிருந்து நம் பாராட்டு பறித்துக்கொண்டது. அந்த முதல் காணொளியை நாலு பேருக்கு அனுப்பியவர்கள் எல்லோருக்கும், என்னையும் சேர்த்து, இதில் பங்குண்டு. இருந்தும் அந்தக் குழம்பு இன்னும் கெடாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடை சுத்தமாக இருக்கிறது, சோறு பதமாக வேகிறது, ரசம் சுமார். நண்டின் விலை நாளுக்கு நாள் மாறுவதால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வார நாட்களில் இரண்டு மணிக்கு மேல் சென்று, ‘வீட்டுக்கு என்ன குழம்பு வைத்திருக்கிறீர்கள்’ என்று தாயாரிடம் கேளுங்கள். இருந்தால் மறுக்காமல் ஊற்றுகிறார். சாப்பிட்டுப் பிடித்திருந்தால், குழம்பு நன்றாக இருந்தது என்று அந்த இளைஞரிடமே நேரில் சொல்லுங்கள். அவர் அடுப்பில் நிற்கும்போது கைபேசியை நீட்ட வேண்டாம்.