அபராதச் சீட்டா, ரோந்து ஆளா? நகர மையத் தொல்லைகளைக் கவுன்சில்கள் எதிர்கொள்ளும் வழிகள்

'சமூக விரோதச் செயல்' என்று தமிழில் எழுதியவுடன் கத்தியும் உருட்டுக்கட்டையும் கண்முன் வந்து நிற்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் அதைவிடச் சிறியது. பிறருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ தரும் நடத்தை எல்லாம் அதில் அடங்கும். கடைவீதி பெஞ்சில் பகல் முழுக்கக் குடித்துவிட்டுக் கூச்சலிடுவதும், மூடிய கடையின் வாசலில் சிறுநீர் கழிப்பதும், பஸ் நிறுத்தத்தில் கூட்டமாக நின்று போவோர் வருவோரை வம்புக்கு இழுப்பதும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. இருட்டிய பிறகு அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் முதியவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. கவுன்சில், அதாவது ஊரை நிர்வகிக்கும் உள்ளாட்சி மன்றம், தலையிட்டே ஆக வேண்டும். எந்த வழியில் தலையிடுவது என்பதில்தான் சண்டை.

வழிகளை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றே: பெஞ்சிலிருந்து எழுப்பப்பட்ட மனிதர் அடுத்து எங்கே போவார்?

கவுன்சில்கள் அதிகம் நாடுவது பொது இடப் பாதுகாப்பு ஆணையை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரம் இது. ஒரு பகுதிக்கு எல்லை வகுத்து, அதற்குள் இன்னின்ன செயல்களுக்குத் தடை என்று கவுன்சிலே அறிவிக்கலாம். அதிகபட்சம் 3 ஆண்டு, பிறகு நீட்டிக்கலாம். மீறுவோருக்கு அந்த இடத்திலேயே 100 பவுண்டு வரை அபராதச் சீட்டு. கட்டாவிட்டால் நீதிமன்றம், அங்கே 1,000 பவுண்டு வரை அபராதம். மதுவுக்கு மட்டும் தனி விதி உண்டு: தடைப் பகுதியில் குடிப்பதே குற்றமாகிவிடாது. நிறுத்து, பாட்டிலைக் கொடு என்று அதிகாரி சொன்ன பிறகும் மறுப்பதுதான் குற்றம்.

இந்த மது விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். யாரையும் தண்டிக்காமலே பிரச்சினையின் மூலப்பொருளை அகற்றிவிடுகிறது. ஆனால் பல ஆணைகள் அதோடு நிற்பதில்லை. பிச்சை கேட்பது, வாசலில் படுப்பது, கூட்டமாக நிற்பது என்று பட்டியல் நீள்கிறது. உணவுக்குக் கை நீட்டுபவரிடம் 100 பவுண்டு கேட்டு என்ன கிடைக்கும்? அபராதம் கடனாகும், கடன் வழக்காகும். அவரோ அடுத்த தெருவுக்கு இடம்பெயர்வார். வீடற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குறிவைக்க இந்த ஆணையைப் பயன்படுத்தக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் 2017 இறுதியில் வழிகாட்டுதலைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. சில கவுன்சில்கள் சீட்டு எழுதும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்து, வசூலில் பங்கும் கொடுக்கின்றன. இது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது. அப்படிப்பட்ட ஊழியர் வம்பு செய்யும் கும்பலை அணுகமாட்டார். பணமும் முகவரியும் உள்ள, சிகரெட் துண்டைக் கீழே போட்ட ஆளைத்தான் தேடுவார்.

இதற்குப் பக்கத்தில் போலீசாரின் கலைப்பு அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்; 48 மணி நேரம்தான் செல்லும்; தொல்லைக்குக் காரணம் என்று சந்தேகிக்கும், 10 வயதைக் கடந்த எவரையும் அந்தப் பகுதியை விட்டுப் போகச் சொல்லலாம். சனிக்கிழமை இரவு சண்டை மூளும் நிலையில் இதைவிட விரைவான கருவி இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் அதே இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒரே ஆள்தான் திரும்பத் திரும்பத் தொல்லை தருகிறார் என்றால், ஊர் முழுவதற்கும் தடை போடுவது எதற்கு? அதே சட்டத்தில் சமூகப் பாதுகாப்பு அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது. 16 வயது கடந்த ஒரு தனி நபருக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை, கேட்காவிட்டால் அறிவிப்பு. யாரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை அந்த மனிதரிடமே சொல்வதால், பெரும்பாலான இடங்களில் பொது ஆணையைவிட இதுவே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

கண்காணிப்புக் கேமரா விஷயத்தில் பிரிட்டன் மூத்த நாடு. போர்ன்மவுத்தில் 1985இலேயே பொது வெளியில் பொருத்திவிட்டார்கள். 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த மதிப்பீடு, குற்றங்கள் சுமார் 13 விழுக்காடு குறைவதாகச் சொன்னது. ஆனால் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது கார் நிறுத்துமிடங்களில். திரையை ஒருவர் உட்கார்ந்து கண்காணித்தால் பலன் கூடியது. போதையில் கத்துபவர் கேமராவை அண்ணாந்து பார்ப்பதில்லை.

கொசு என்று பெயரிட்ட கருவியைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் 2005இல் வந்தது அது. பெரும்பாலும் இளையோர் காதுக்கு மட்டுமே எட்டும் உச்ச ஒலியை எழுப்பி அவர்களை விரட்டும். தள்ளுவண்டியில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அது கேட்கும். தனக்கு என்ன செய்கிறது என்று அந்தக் குழந்தையால் சொல்ல முடியாது. பெஞ்சைப் பிடுங்குவதும் இதே ரகம்தான்: குடிகாரருக்கு நின்றுகொண்டும் குடிக்கத் தெரியும், முழங்கால் வலி உள்ளவருக்குத்தான் உட்கார இடம் போகிறது.

மறுபக்கத்தில் ஆட்களை நம்பும் வழிகள். கவுன்சில் சீருடையில் தினமும் அதே வீதியில் நடக்கும் வார்டன்களுக்குக் குடிப்பவர்களின் பெயர் தெரியும். யாருக்கு மருத்துவர் தேவை, யாருக்குப் படுக்க இடம் தேவை, யார் வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்பதும் பழகப் பழகத் தெரிந்துவிடும். லண்டன் பிரிக்ஸ்டனில் 2003இல் தொடங்கிய தெருப் பாதிரிகள் அமைப்பில், தேவாலயத் தன்னார்வலர்கள் வார இறுதி இரவுகளில் தண்ணீரும் ரப்பர் செருப்பும் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். ஹீல்ஸைக் கையில் பிடித்தபடி கண்ணாடித் துண்டுகள் மீது தள்ளாடி வரும் பெண்ணுக்கு அந்தச் செருப்பு உதவும். இப்ஸ்விச்சில் 2012இல் போலீசாரும் கவுன்சிலும் கடைக்காரர்களிடம் பேசினார்கள், 6.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள மலிவு பீரையும் சைடர் என்ற ஆப்பிள் மதுவையும் பல கடைகள் தாமாகவே விற்பனையிலிருந்து எடுத்தன. என் கேள்விக்கு நேரான பதில் சொல்வது இந்த வரிசைதான்.

இதன் குறை பணம். ஆணைக்கு ஒரு கலந்தாய்வும் சில அறிவிப்புப் பலகைகளும் போதும். வார்டனுக்கு ஆண்டுதோறும் சம்பளம் தர வேண்டும். வரவுசெலவில் துண்டு விழும் கவுன்சில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது ஊகிக்கக் கடினமல்ல. ஆனால் செயல்படுத்த ஆள் இல்லாத ஆணை வெறும் பலகைதான். அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று குடிக்கலாம்.

ஆணையைப் போடும் முன்னும் நீட்டிக்கும் முன்னும் கவுன்சில் கலந்தாய்வு நடத்தியாக வேண்டும். அந்தப் படிவம் என் கைக்கு வந்தால் மூன்று வரி எழுதுவேன். மது விதியை வைத்துக்கொள்ளுங்கள். பிச்சைக்கும் படுக்கைக்குமான தடைகளை எடுத்துவிடுங்கள். மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை அந்த வீதியில் எத்தனை வார்டன்கள் நடப்பார்கள் என்ற எண்ணை ஆணையோடு சேர்த்து அச்சிடுங்கள்.